பின் சொக் கழற்றிப் பூட்டிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

குளக்கட்டு (விசுவமடு)

அப்பாவின் எம்டி 90 மோட்டார் சைக்கிள். இடப்பக்கப் பின் சொக், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் தண்டு, எண்ணெய் கக்கிவிட்டது. வாய்க்கால் வீதியில் ஒரு பள்ளம் விழுந்தால் பிடரி வரைக்கும் இடிக்கும். கிளிநொச்சியில் ஒரு பக்கச் சொக் மட்டும் வாங்கி வந்து, அப்பா வயலுக்குப் போன நேரம் பார்த்து நானே தொடங்கினேன். டபிள் ஸ்டாண்ட், 14 ஸ்பானர் சாவி, சங்கிலிக் கவர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கழற்றுவதில் ஒரு கரைச்சலும் இல்லை.

பூட்டும்போதுதான் வந்தது வினை. சொக்கின் மேல் கண், அதாவது பூட்டும் வளையம், ஏறிவிட்டது. கீழ்க் கண்ணுக்கும் பின் சில்லுக் கவையில் இருக்கும் ஸ்டட் என்ற மரைத் தண்டுக்கும் இடையில் ஒரு நெல்மணி அளவு குறைகிறது. புதுச் சொக் பழையதைவிடக் கொஞ்சம் கட்டை. இழுத்தேன், காலால் உதைத்தேன், கடைசியில் சுத்தியலை எடுத்தேன். அடி கண்ணில் விழவில்லை, ஸ்டட்டின் நுனியில் விழுந்தது. மூன்று அடி. மரை நசிந்துவிட்டது.

அந்த நேரம் அப்பா வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அலவாங்கை எடுத்து, விறகுக் கட்டை ஒன்றை அண்டை கொடுத்து, பின் ரயருக்குக் கீழே நுழைத்து, மற்ற முனையைப் பாதத்தால் மெல்ல அமத்தினார். சில்லு ஒரு விரற்கடை எழும்பியது. “இப்ப தள்ளு” என்றார். பொளக்கென்று ஏறியது. கால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

தலை மூடிய குமிழ் நட் நாலு சுற்றுத்தான் ஏறியது, அதுவும் சரிந்து. நான் சொல்லவில்லை. அவர் தினமும் பின்னால் யூரியா மூட்டை வைத்துக்கொண்டு போய் வருகிறார். பின்னேரம் வண்டி வாசலுக்கு வந்ததும் என் கண் முதலில் போவது அந்த நட்டுக்குத்தான்.

ஏ9 காரன் (பரந்தன்)

தம்பி, முதல் பிழை ஒரு பக்கம் மட்டும் மாற்றியது. ஒன்று புதிது, ஒன்று பத்து வருடப் பழசு என்றால் வளைவில் வண்டி முறுகும். மாற்றினால் சோடியாக மாற்ற வேண்டும்.

என் கதை சின்னது. இரண்டு கண்ணும் ஒரே அளவான மலிவுச் சொக் வாங்கி, இரண்டையும் தலைகீழாகப் பூட்டிவிட்டேன். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் வாங்க நிறுத்தி ஏறினேன், வண்டி கடற்கரையில் நிற்கும் வள்ளம் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. கச்சான்கார அம்மா சிரித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இப்படிப்பட்ட சொக்கைக் கவிழ்த்தால் உள்ளே இருக்கும் காற்று வால்வுக்குப் போய்விடும், எண்ணெய் வேலை செய்யாது. பிறகு ஒரு கராஜ்காரர் சொல்லித்தான் தெரியும்.

சுத்தியல் (மல்லாவி)

பரந்தன் அண்ணை சொல்வது புத்தகத்துக்குச் சரி. நெல்லு விற்றுக் காசு வராத மாதத்தில் சோடி வாங்கச் சொல்லி யாருக்குச் சொல்வது? ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இரண்டு பக்கமும் பார்த்துச் சமப்படுத்தினால் கொஞ்ச நாள் ஓடலாம். நான் தினமும் பார்க்கிற வேலை இது.

சொக்கைக் கழற்றுவது பயமில்லை. சொக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றுவதுதான் பயம். வேலை பழகிய காலத்தில், முதலாளி சாப்பிடப் போன இடைவெளியில், இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் ஒரு கயிற்றைச் சுற்றிக்கொண்டு மேல் நட்டைக் கழற்றினேன். கயிறு அறுந்தது. ஸ்பிரிங் என் காதோரம் போய்க் கூரைத் தகரத்தில் அடித்து, மற்றப் பக்கம் வெள்ளாட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. தகரத்தில் அந்த நெளிவு இன்னும் இருக்கிறது. மழை பெய்தால் அதில்தான் ஒழுக்கு.

வெண்பனி (ஒன்ராறியோ, பிறந்தது முள்ளியவளை)

நான் செய்தது ஸ்னோமொபைலில். ஆறு மாதம் பனி கிடக்கும் ஊரில் இருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி. அதில் சில்லு இல்லை, ரப்பர் பட்டிதான் ஓடும். சொக் அந்தப் பட்டிக்கு உள்ளே சட்டத்தோடு ஒளிந்திருக்கும். கை உள்ளே போகிறது, சாவி போவதில்லை. ஒரு பக்கப் போல்ட்டைத் திருப்பினால் நடுத்தண்டும் சேர்ந்து சுற்றியது. குளிரில் விரல் மரத்து, அந்தப் போல்ட்டோடு கெஞ்சிக்கொண்டிருந்தபோது வீட்டு நினைவு வந்தது.

இனி எல்லோருக்கும் சில விஷயம். முதலில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பாரம் இறங்காமல் நிறுத்த வேண்டும். அடுத்து, முறுக்கு ஸ்பிரிங் இருந்தால் அதன் நீண்ட காலை அது தங்கியிருக்கும் இடத்திலிருந்து விடுவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் போல்ட்டைத் தொட்டால் கை போய்விடும். நைலோன் வளையம் உள்ள பூட்டு நட்டைத் திரும்பப் பாவிக்கக் கூடாது, அதன் பிடி போயிருக்கும். எந்த வாசர் எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்ற முன்பே போனில் படம் எடுங்கள். நைதரசன் வாயு அடைத்த சொக்கைத் துளைக்கவோ சூடாக்கவோ வேண்டாம். திரும்பப் பூட்டும்போது, சொக்கின் கண்ணுக்குள் இருக்கும் புஷ் ரப்பராக இல்லாவிட்டால் அதற்குக் கிறீஸ் வையுங்கள், போல்ட்டைக் கையால் சில சுற்று ஏற்றிய பிறகுதான் சாவியைப் போடுங்கள். இறுக்கும் அளவு வண்டியின் கைநூலில் இருக்கும், மனக்கணக்கில் இறுக்க வேண்டாம். பட்டியின் இறுக்கத்தையும் அது நேராக ஓடுகிறதா என்பதையும் கடைசியில் பாருங்கள்.

சுத்தியல் (மல்லாவி)

அண்ணை, வன்னியில் பனி மார்கழி விடியலில் புல்லு நனைய மட்டும்தான் விழும். பட்டி என்றால் இங்கே மாட்டுப்பட்டி. ஆனால் கையால் சில சுற்று ஏற்று என்றீர்களே, அதை விசுவமடுத் தம்பி முதலே படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

துணுக்காய் ரீச்சர்

என் ஸ்கூட்டிக்கு ஒரே ஒரு சொக்தான், இடப்பக்கம். கராஜ் ஒன்றில் மாற்றக் கொடுத்தேன். சீற்றை, பக்கக் கவரை எல்லாம் கழற்றினால்தான் மேல் போல்ட்டே தெரியும் என்று காட்டினார்கள். மாலை எடுத்துக்கொண்டு மாங்குளம் பக்கம் வரும்போது டக், டக் என்று சத்தம். பள்ளம் வந்தால் இரண்டு டக். வீட்டில் மகன் கவருக்குள் கையை விட்டு ஒரு நட்டை விரலாலேயே சுற்றி வெளியே எடுத்தான், சாவி படாத நட். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அன்று பின்னால் அவன்தான் இருந்து வந்தான். திரும்பிப் போய்ச் சண்டை பிடிக்கவில்லை. அந்தக் கராஜ் பக்கமும் போகவில்லை.

பழைய ஓட்டி (புதுக்குடியிருப்பு)

புதுச் சொக், சோடிச் சொக் என்று கதைக்கிறீர்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் எங்கள் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியவை. காலையில் இயந்திரம் பிடிக்க ஊசியால் சில சொட்டுப் பெற்றோல் விடுவோம். சொக்கின் கண்ணில் ரப்பர் தேய்ந்தால் புஷ் எங்கே கிடைக்கும்? லொறி ரயரில் வட்டம் வெட்டி, நடுவில் துளைத்து, தேங்காயெண்ணெய் பூசி, மரக்கட்டையால் தட்டி ஏற்றுவோம். முதல் வெட்டியது தளர்வு, இரண்டாவது ஏறவே இல்லை, மூன்றாவதைத் தணலில் கொஞ்சம் வாட்டினோம். ரப்பர் புகைந்த மணத்தில் மனைவி சட்டியோடு வெளியே வந்து நின்றா.

2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு வவுனியாவில் கடைப் புஷ் வாங்கிப் பூட்டினேன். வண்டி மெத்தென்று போனது. எனக்கென்னவோ ரோட்டே தெரியாத மாதிரி இருந்தது, ஒரு கிழமை பிடிக்கவில்லை.

விசுவமடுத் தம்பி, நசிந்த மரையை விட்டு வைக்காதே. மரை வெட்டும் டை போட்டு ஒருக்கால் ஓட்டினால் மரை திரும்பும். குமிழ் நட்டை எறிந்துவிட்டுத் திறந்த நட் போடு. கொப்பருக்குச் சொல்.

குளக்கட்டு (விசுவமடு)

எல்லோரும் சொன்னதால் இன்று அப்பா தூங்கிய பிறகு டோர்ச்சோடு போனேன். சாவியை வைத்தேன், 14 உட்காரவில்லை. வெளிச்சம் பிடித்துப் பார்த்தால் அது என் குமிழ் நட்டே இல்லை. திறந்த நட், அதற்கு மேல் இன்னொரு நட், இரண்டும் ஒன்றோடொன்று நெருக்கி. மரை பளிச்சென்று வெட்டியிருக்கிறது. நான் போட மறந்த வாசரும் இருக்கிறது. நட் ஓரத்தில் கிறீஸும் சேறும் காய்ந்து கிடக்கிறது, இது நேற்று இன்று செய்த வேலை இல்லை.

டோர்ச்சை அணைத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

ஏ9 காரன் (பரந்தன்)

மற்றப் பக்கச் சொக்?

குளக்கட்டு (விசுவமடு)

பழசுதான் அண்ணை. போகம் வெட்டட்டும்.