பள்ளியில் ஏதோ சரியில்லை என்று உங்களுக்கு முதலில் எதில் தெரிந்தது?

தெற்கத்தி டீச்சர்:
2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட மாணவனிடம் காரணம் கேட்டபோதுதான் கூடப் படிக்கிறவர்கள் சாதி சொல்லித் துன்புறுத்தியது வெளியே வந்தது, விஷயம் பள்ளிக்குப் போன அன்று இரவே வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அப்புறம் எல்லாரும் சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற கலர் கயிறு பற்றியே பேசினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையும் கயிறு கூடாது என்றது, சரிதான். ஆனால் எனக்கு உறைத்தது அந்த லீவுதான்.

அதிலிருந்து வருகைப் பதிவைக் கிழமை பார்த்துப் படிக்கிறேன். காலையில் ஆப்பில் வந்தான், வரவில்லை என்று தட்டிவிட்டால் நம் வேலை முடிந்தது, சதவீதம் மோசமில்லை என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கும் சதவீதம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எடுத்த லீவெல்லாம் பி.டி. பீரியட் உள்ள நாளில், லெட்டரில் எப்போதும் வயிற்றுவலி. வகுப்பில் வைத்துக் கேட்கவில்லை. நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வரைக்கும் வாடா என்று கூட்டிப் போனேன், பாதி வழியிலேயே சொல்லிவிட்டான். மைதானத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ப்ளஸ் டூ பையன்கள் அவனைக் கடைக்கு அனுப்புவதும், காசு கேட்டால் அடிப்பதும், ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும்.

ஹெச்.எம். உடனே அந்தப் பையன்களைக் கூப்பிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். இவன் சொன்னான் என்று தெரிந்தால் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் யார் இருப்பார்கள்? முதலில் அவன் அம்மாவை வரவழைத்துக் கூடவே அனுப்பிவிட்டோம். பி.டி. சாரைத் தொட்டிப் பக்கம் நிற்கச் சொன்னோம், அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார், புகாரும் அவர் பெயரிலேயே போனது. அதற்குப் பிறகுதான் மற்றப் பெற்றோர்களைக் கூப்பிட்டோம்.

வேன் அக்கா:
டீச்சர், எங்களுக்கு சீட்டிலேயே தெரியும். 2012-இல் தாம்பரம் பக்கம் ஸ்கூல் பஸ் ஓட்டை வழியாக ஒரு குழந்தை விழுந்து இறந்த பிறகு வண்டிக்கு விதிகள் வந்தன, வருஷா வருஷம் அதிகாரிகள் வந்து தரை, கதவு, தீயணைப்பான் எல்லாம் பார்க்கிறார்கள். சீட் மாறி உட்காருகிற பிள்ளையை யார் பார்ப்பது? நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பாப்பா ஒன்று, ஆக்டிங் டிரைவர் வருகிற நாளில் மட்டும் கடைசி சீட்டுக்கு ஓடும், இறங்கும்போது என் முந்தானையை விடாது. ஆபீஸில் சொன்னேன், ‘டிரைவர் கிடைக்கிறதே கஷ்டம், நீ கதை கட்டாதே’ என்றார்கள். நேராகப் பாப்பாவின் அம்மாவிடம் சொன்னேன், அவர் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டார், அப்புறம் போலீஸும் வந்தது. எனக்கு வேலை போனது. போகட்டும்.

ரிட்டயர்டு ஹெச்.எம்.:
அம்மா, நீங்கள் செய்தது சட்டப்படியே சரி. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில், குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருந்தால் 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால் 1 வருடம் வரை. ‘முதலில் நாங்கள் விசாரிக்கிறோம்’ என்று மூடி வைக்கிற நிர்வாகங்களுக்கு இதை எழுதியே கொடுக்க வேண்டும்.

என் அனுபவம் ஒன்று. பிள்ளைகள் புகார் எழுதிப் போடுகிற ‘மாணவர் மனசு’ பெட்டியை என் அறை வாசலில்தான் மாட்டியிருந்தார்கள். மாதக்கணக்கில் காலி. ஹெச்.எம். பார்க்கப் பார்க்க எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்? லைப்ரரி போகிற படிக்கட்டு வளைவுக்கு மாற்றினோம், சீட்டு வர ஆரம்பித்தது. பாதி குப்பை, கிரிக்கெட் பேட் கேட்டு, ஒரு சாரின் மீசையைக் கிண்டலடித்து. மீதியில் இரண்டு மூன்று பேர் ஒரே பெட்டிக்கடையின் பெயரை எழுதியிருந்தார்கள், பள்ளிக்குப் பக்கத்திலேயே கூல் லிப் புகையிலை விற்கிறான் என்று.

ஏழாம் வகுப்பு அம்மா:
என் மகளின் தண்ணீர் பாட்டில் தினமும் நிறைந்தபடியே திரும்பி வந்தது. திட்டித் தீர்த்தேன், காய்ச்சல் வந்து டாக்டர் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்ற பிறகுதான் வாயைத் திறந்தாள். கேர்ள்ஸ் டாய்லெட்டில் தாழ்ப்பாள் இல்லை, பின் சுவரில் ஏறிப் பையன்கள் எட்டிப் பார்க்கிறார்கள், அதனால் அவள் கூட்டமே தண்ணீர் குடிப்பதில்லை. நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டோம். சுவர் விரிசல் விட்டிருப்பதும் அன்றைக்குத்தான் எல்லார் கண்ணிலும் பட்டது! 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்களே, அதற்கப்புறமும் இப்படி. டீச்சர்களுக்குத் தனி டாய்லெட், பிள்ளைகளுடையதற்குள் அவர்கள் ஏன் போகப் போகிறார்கள்?

தெற்கத்தி டீச்சர்:
உண்மைதான் அக்கா, நானும் போனதில்லை. எங்கள் பள்ளியில் டாய்லெட் கழுவுகிற அம்மாவிடம் கேட்டால் எந்தக் கதவு பூட்டாது, எந்தப் பிள்ளை இடைவேளை முழுக்க உள்ளேயே ஒளிந்திருக்கும் என்று சொல்லிவிடுவார். பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேன் அக்கா, உங்கள் பக்கம் டிரைவர் மாறினால் பள்ளிக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறார்களா, காலையில் வண்டி வந்த பிறகுதான் தெரியுமா?