ஐஃப்ரேம் போச்சுன்னு வடிகட்டியவே எடுக்கணுமா?

பாளைக்காரன்: கல்லிடை அண்ணாச்சி நேத்து எழுதியிருக்காவ: "வேர்ட்பிரஸ் வடிகட்டி எழுதுதவன அவமானப்படுத்துது. ஸ்க்ரிப்ட் டேக மட்டும் தடுத்தாப் போதும்." வேர்ட்பிரஸ்னா வலைப்பதிவ ஓட்டுத மென்பொருள். சேவ் பண்ணும்போது ஆபத்தான டேக, அதாவது பக்கத்துக்குள்ள எழுதுத குறிய, வெட்டுததுதான் அதோட வடிகட்டி. ஸ்க்ரிப்ட் டேக்னா கோடு ஓட்டுத குறி. அண்ணாச்சி எழுதுனதப் படிச்சதுலேருந்து எரிச்சலா இருக்கு. படம் போடுத டேக்ல ஆன்எரர்னு ஒண்ணச் சேத்து (படம் வராட்டா என்ன செய்யணும்னு சொல்லுதது), இல்லாத படத்தக் குடுத்தாப் போதும், அதுல எழுதுன கோடு ஓடும். ஸ்க்ரிப்ட் டேகே வேண்டாம். இத எப்படித் தடுப்பிய?

கல்லிடை: நான் கேட்டது ஒண்ணுதான். மணிமுத்தாறு அருவிக்கு வழி காட்ட கூகுள் மேப் ஐஃப்ரேம் (வேற தளத்த நம்ம பக்கத்துக்குள்ள காட்டுத பெட்டி) போட்டேன். சேவ் பண்ணுனதும் காணோம். எடிட்டர் போட்டா மட்டும் நிக்குதே, எப்படி?

பாளைக்காரன்: வடிகட்டாம எழுதுத உரிமை எடிட்டருக்கும் அட்மினுக்குந்தான் உண்டு. ஆத்தர் (தன் பதிவ மட்டும் எழுதுதவன்) எழுதுனா கேஎஸ்இஎஸ்ங்கிற அந்த வடிகட்டி வழியாத்தான் போவும். அனுமதிச்ச பட்டியல்ல இல்லாத டேக வெட்டிரும். மல்டிசைட்னா (ஒரே வேர்ட்பிரஸ்ல பல தளம்) எடிட்டருக்கே அந்த உரிமை கெடையாது, எல்லாத் தளத்துக்கும் பொறுப்பான சூப்பர் அட்மினுக்கு மட்டுந்தான்.

கல்லிடை: அப்ப அவர் ஐஃப்ரேம் அமுதம், என் ஐஃப்ரேம் விஷமா?

தச்சநல்லூர்: என் கதையக் கேளுங்க. என் பதிவுல எடிட்டரே மேப் போட்டுக் குடுத்தாவ. பொறவு ஒரு ஒத்துப்பிழையத் திருத்தி நான் சேவ் பண்ணுனேன், மேப் போயிட்டு. பழி என் தலையில.

பாளைக்காரன்: பழி போட்டது தப்பு, வடிகட்டி தப்பில்ல. 2005 அக்டோபர்ல மைஸ்பேஸ்ங்கிற சமூக வலைத்தளம், கோடு ஓடக் கூடாதுன்னு 'ஜாவாஸ்க்ரிப்ட்'ங்கிற சொல்லத் தடுத்து வச்சிருந்துச்சு. சாமி கம்கார்னு ஒருத்தர் அந்தச் சொல்லுக்கு நடுவுல வரிய ஒடச்சுப் போட்டாரு. தானாப் பரவுத அவரு கோடு ஒரு நாளைக்குள்ள 10 லட்சம் பேரு பக்கத்துல ஏறிட்டு. கெட்டதத் தேடித்தேடித் தடுத்தா இதான் கதி.

கல்லிடை: அவன் செஞ்சதுக்கு என் மேப்ப ஏன் வெட்டணும்?

அம்பை: யூடியூப் முகவரியத் தனி வரியில ஒட்டுனா தானா விரியுதே அண்ணாச்சி.

கல்லிடை: மேப்புக்கு விரியாது தாயி. ஐஃப்ரேம்தான் வேணும்.

பாளைக்காரன்: ஐஃப்ரேம எல்லாருக்கும் தொறந்துவிட்டா ஒருத்தன் போலி லாகின் பக்கத்தக் கொண்டாந்து உள்ள வைப்பான். வாசிக்கவன் நம்ம பக்கம்னு நம்பி பாஸ்வேர்டத் தட்டுவான். எடிட்டர்ட்ட குடுத்துப் போடச் சொல்லுங்க.

கல்லிடை: ஆனித் தேருக்கும் அப்படித்தான் குடுத்தேன். தேரு நிலைக்கு வந்த பொறவு மேப் வந்துச்சு!

தச்சநல்லூர்: அந்தத் தேர்ப் பதிவே நான் எழுதுனது. பேரு மட்டும் எடிட்டர் பேரு.

பாளைக்காரன்: அத இங்க இழுக்காதிய. ஆன்எரருக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல.

கல்லிடை: என் ஐஃப்ரேம் வார வரைக்கும் அருவிப் பதிவு வராது தம்பி.

தச்சநல்லூர்: தேர்ப் பதிவுல என் பேர எப்ப போடுவிய?