சாபா தீவில் மாட்டிக்கொண்டோம்: காத்திருப்பதா, டிக்கெட்டை மாற்றுவதா?

நானும் மனைவியும் கரீபியனில் சாபா தீவில் இருக்கிறோம். சனிக்கிழமை மதியம் 3 மணிக்குப் பக்கத்துத் தீவான சின்ட் மார்ட்டினிலிருந்து ஊர் திரும்பும் விமானம். அங்கே போய்ச் சேரத்தான் வழியில்லை. சின்ட் மார்ட்டின் வரைக்கும், அங்கிருந்து ஊருக்கும் டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தது என் புத்திசாலித்தனம்.

அமைதி தேடி வந்த இடம். மொத்தமே 13 சதுர கிலோமீட்டர். மவுண்ட் சீனரி உச்சிக்கு 1,064 படி ஏறினோம். மேகத்துக்குள் மரப்பெரணிகள் சொட்டச் சொட்ட நின்றன. அதுவரை எல்லாம் சுகம்தான்.

செவ்வாயிலிருந்து ஒரே காற்று. இங்கே ஓடுபாதை 400 மீட்டர்தான், இரண்டு முனையிலும் பாறைச் சரிவு, கீழே கடல். நேற்று சின்ன விமானம் கண்ணெதிரே வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்காமலே திரும்பிப் போனது. படகும் இரண்டு நாளாக ரத்து. ஃபோர்ட் பே துறைமுகச் சுவரில் அலை ஏறி விழுகிறது.

சின்ன விமானத்தின் கவுண்ட்டரில் காத்திருப்புப் பட்டியலில் 7, 8ஆவது ஆட்கள் நாங்கள். மீன்பிடிப் படகுக்காரர் இருவரைக் கேட்டேன். கடலைக் காட்டிச் சிரித்தார்கள். இன்சூரன்ஸுக்காக, வானிலையால் ரத்து என்று கடிதமும் வாங்கியாயிற்று. பெரிய விமானத்தின் தேதியை மாற்ற ஆளுக்கு 310 டாலர் கேட்கிறார்கள். இன்று வியாழன்; இரவுக்குள் சொல்ல வேண்டும்.

இந்தக் காற்றுக் காலத்தில் சாபாவில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: நாளை வரை காத்திருக்கலாமா, இப்போதே தேதியை மாற்றிவிடலாமா?