சோமாலி ஹவாஷ் மசாலாப் பொடிக்கு அளவு தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

டொரோண்டோ மருமகள்:
டிக்சன் ரோட்டில் எங்கள் எதிர்வீட்டு சோமாலி அன்ரி, சனிக்கிழமைகளில் கீழ்த்தளத்துப் பொது அறையில் இங்கே பிறந்த சோமாலிப் பிள்ளைகளுக்குச் சமையல் காட்டுகிறார். நானும் போய் ஒட்டிக்கொள்வேன். மொகதிஷுவில் தன் அம்மாவிடம் பழகியதாம் எல்லாம். அளவு கேட்டால் உள்ளங்கையில் கொட்டிக் காட்டுவார். ஒரு பெட்டை போனில் குறிக்கப் பார்த்தாள். போனை வாங்கி வைத்துவிட்டு, அவள் கையைச் சட்டிக்கு மேலே பிடித்து, மல்லி வறுபடும் சூட்டைப் பார்க்கச் சொன்னார்.

எனக்கு ஹவாஷுக்கு ஒரு கரண்டிக் கணக்கு வேணும். இன்னொன்று: ஆட்டிறைச்சிச் சோற்றோடு வாழைப்பழம் ஏன்? என் மனுசன் கடைசியில் சாப்பிடலாம் என்று ஒதுக்கி வைத்தார். அன்ரி அதை எடுத்துத் திரும்பச் சோற்றுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்!

நைரோபிவாசி:
ஈஸ்ட்லீ பக்கம் சோமாலி நண்பர்கள் வீட்டில் பார்த்த கணக்கு: சீரகம், மல்லி தலா கால் கப், மிளகு ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் அரை மேசைக்கரண்டி, கிராம்பு அரைத் தேக்கரண்டி, சின்னப் பட்டைத் துண்டு ஒன்று. வறுத்து, ஆறியதும் அரையுங்கள். மஞ்சள்தூள் ஒரு மேசைக்கரண்டி, கடைசியில், வறுத்தால் கருகிவிடும். நம் பழக்கத்தில் மிளகாய் போட்டுவிடாதீர்கள். காரத்துக்குத் தனியாகப் பச்சை மிளகாய் அரைத்த பஸ்பாஸ் இருக்கிறது.

சோற்றுப்பிரியன்:
ஜூபா, ஷபெல்லே ஆற்றங்கரைகளில் வாழை நிறைய. இத்தாலியர் ஆண்ட காலத்தில் தோட்டம் போட்டு இத்தாலிக்கே ஏற்றுமதி செய்தார்கள். அவர்கள் விட்டுப்போன பாஸ்தாவோடும் சோமாலியர் வாழைப்பழம் வைத்துத்தான் சாப்பிடுவார்கள். ஒரு வாய் இறைச்சிச் சோற்றோடு ஒரு கடி பழம், அப்படித்தான். உங்கள் மனுசனிடம் சொல்லுங்கள்.

நைரோபிவாசி:
அப்புறம், அஞ்சேரோ, அதாவது அவர்களுடைய தோசை, கற்றுக்கொண்டீர்களா? புளித்த மாவை நடுவிலிருந்து சுழித்து ஊற்றி, மூடி போட்டு, திருப்பாமல் எடுப்பார்கள். காலையில் நல்லெண்ணெயும் சீனியும் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

டொரோண்டோ மருமகள்:
நன்றி அண்ணா. அந்தக் கணக்கிலேயே இடித்து அன்ரியிடம் கொண்டுபோனேன். முகர்ந்துவிட்டு "ஏலம் காணாது" என்றார். ஆகவே முக்கால் மேசைக்கரண்டி என்று திருத்திக்கொள்ளுங்கள். பொடியைத் திருப்பித் தரவில்லை, அன்றைய சோற்றுக்கே போட்டுவிட்டார். அஞ்சேரோ இனித்தான். நோன்பு வருவதால் இப்போது சம்பூஸ் (சமோசாதான்) மடிக்க ஆள் தேடுகிறார்.