ராய் கீன் பேச்சை எடுத்தாலே சண்டை வருகிறதே, 2002-இல் என்னதான் நடந்தது?

லீக்கரை எழுதியது:

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. கால்பந்து பார்ப்பேன், ஆனால் 2010-க்கு முந்தைய கதை எனக்கு அதிகம் தெரியாது.

போன வாரம் சாப்பாட்டு அறை டிவியில் ராய் கீன் உட்கார்ந்து யாரோ ஒரு தடுப்பாட்டக்காரரை வறுத்துக்கொண்டிருந்தார். "இவர் 2002 உலகக் கோப்பையில் எப்படி ஆடினார்?" என்று பொதுவாகக் கேட்டேன். அறையே ஒரு நொடி அமைதி. அப்புறம் ஆரம்பித்தது. உள்ளூர்க்காரர் ஒருவர், "அவரை ஆடவிட்டால்தானே!" என்றார். டப்ளினிலிருந்து வந்த எங்கள் மேற்பார்வையாளர், "ஆடவிடவில்லையா? ஓடிப்போனான்" என்றார். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், தினமும் ஒன்றாக டீ குடிப்பவர்கள். அன்று மதியம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை.

இணையத்தில் தேடினால் "சைப்பான்" என்று ஒரு தீவின் பெயர் வருகிறது, மைதானம் மோசம் என்று வருகிறது. அதற்காகவா ஒரு கேப்டன் உலகக் கோப்பையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்? அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். நான் எந்தப் பக்கம் என்று அடுத்த தடவை நிச்சயம் கேட்பார்கள்.


டப்ளின்வாசி எழுதியது:

தம்பி, நீங்கள் கார்க்கில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். கீன் பிறந்தது அங்கேதான், மேஃபீல்டு பகுதியில். பக்கத்தில் கோப் ராம்ப்ளர்ஸ் என்ற சின்ன கிளப்பில் ஆடி, அங்கிருந்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், பிறகு 1993-இல் மான்செஸ்டர் யுனைடெட். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை.

நான் 2002-இல் சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஜப்பான், கொரியாவில் நடந்ததால் ஆட்டங்கள் நமக்கு மதியமும் மாலையும் வரும். அயர்லாந்து எனக்குப் பிடித்ததே கீனால்தான். அவர் இல்லாமல் அந்த அணியைப் பார்க்க வேண்டியிருந்தது. பிற்பாடு வேலை நிமித்தம் டப்ளினுக்கே வந்து சேர்ந்தேன். இங்கே பலரிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. அயர்லாந்து அந்த உலகக் கோப்பைக்குப் போனதில் கீனுக்குப் பெரிய பங்கு. தகுதிச் சுற்றில் போர்ச்சுகல், நெதர்லாந்து இரண்டும் ஒரே பிரிவில். அந்தப் பிரிவு ஆட்டங்களில் அயர்லாந்து ஒன்றுகூடத் தோற்கவில்லை. டப்ளினில் போர்ச்சுகலோடு 1-1, அந்த கோல் கீன் அடித்தது. 2001 செப்டம்பர் 1 அன்று நெதர்லாந்து வந்தது. ஆட்டம் தொடங்கிய சில நொடிகளில் கீன் ஓவர்மார்ஸ் மேல் ஒரு டேக்கிள் போட்டார். இன்றைக்கு என்றால் அட்டை நிச்சயம். அன்று அதுவே ஆட்டத்தின் தொனியைத் தீர்மானித்தது. அயர்லாந்து பத்துப் பேராகக் குறைந்த பிறகும் மெக்கேட்டீர் கோலில் 1-0 என்று ஜெயித்தது. நெதர்லாந்து உலகக் கோப்பைக்கே வரவில்லை. அந்த மதியத்தைப் பார்த்தவர்கள் கீனைத் திட்டும்போதுகூடக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் திட்டுவார்கள்.

சரி, சைப்பான். பசிபிக்கில் அமெரிக்காவுக்குச் சொந்தமான ஒரு தீவு. ஜப்பானில் இஸுமோ என்ற ஊரில் முறையான முகாம் தொடங்கும் முன், நீண்ட சீசன் முடிந்த களைப்பு தீரவும் வெயில் பழகவும் ஒரு வாரம் அங்கே தங்குவது என்று பயிற்சியாளர் மிக் மெக்கார்த்தி திட்டமிட்டார். போய் இறங்கினால் பந்துகளும் பயிற்சிச் சாமான்களும் வந்து சேரவில்லை. மைதானம் கட்டாந்தரை. யுனைடெட்டில் மேனேஜர் ஃபெர்குசனிடம் ஆடிப் பழகிய ஆளுக்கு இது எப்படி இருந்திருக்கும்? மற்றவர்கள் "சரி, ஒரு வாரம்தானே" என்று விட்டுவிட்டார்கள். கீனால் விட முடியவில்லை. அயர்லாந்துக் கால்பந்து சங்கம் எப்போதும் இப்படித்தான், கலந்துகொண்டாலே போதும் என்று நினைக்கிற கூட்டம் என்பது அவருடைய பல வருடக் கோபம்.

ஒரு நாள் பயிற்சியின் கடைசியில் தங்களுக்குள் ஆடும் ஆட்டத்தில் கோல்கீப்பர்கள் கலந்துகொள்ளாததற்காக ஒரு வாக்குவாதம். ஊருக்குப் போகிறேன் என்றார் கீன். மாற்று ஆளாகக் காலின் ஹீலி பெயர்கூடப் பேசப்பட்டது. பிறகு மனம் மாறித் தங்கிவிட்டார், பட்டியலும் அவர் பெயரோடு ஃபிஃபாவுக்குப் போனது. மே 23 அன்று 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழில் அவருடைய நீண்ட பேட்டி. ஏற்பாடுகளை ஒன்றுவிடாமல் கிழித்திருந்தார். மெக்கார்த்தி மொத்த அணியையும் ஹோட்டலில் கூட்டி, பேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் விளக்கம் கேட்டார். முந்தைய நவம்பரில் உலகக் கோப்பைத் தகுதிக்காக ஈரானோடு ஆடிய இரண்டாவது பிளே-ஆஃப் ஆட்டத்துக்குக் கீன் தெஹ்ரான் போகாத விஷயமும் அங்கே கிளம்பியது. முழங்கால் காயத்தால் போகவில்லை என்பது கீன் தரப்பு. அதைத் தொட்டதும் வெடித்துவிட்டார். மெக்கார்த்தி ஒரு பயிற்சியாளராகவும், ஆட்டக்காரராகவும், மனிதராகவும் எதற்கும் லாயக்கில்லாதவர் என்று, அச்சில் போட முடியாத வார்த்தைகளோடு, எல்லார் முன்னாலும் சொல்லித் தீர்த்தார். இருவருக்கும் 1992 அமெரிக்கப் பயணத்திலிருந்தே ஆகாது. அப்போது மெக்கார்த்தி கேப்டன், கீன் பஸ்ஸுக்குத் தாமதமாக வந்த இளவட்டம்.

கீன் மான்செஸ்டருக்குத் திரும்பினார். மாற்று ஆளைச் சேர்க்கும் கெடு முடிந்துவிட்டதால் அயர்லாந்து 22 பேரோடு ஆடியது. அந்த நாட்களில் இங்கே வேறு பேச்சே இல்லையாம். அந்த மாதம்தான் தேர்தலில் மறுபடி வென்ற பிரதமர் பெர்ட்டி அஹர்ன் சமாதானம் பேசத் தயார் என்றார். கீன் தன் நாய் டிரிக்ஸை நடக்கக் கூட்டிப்போக, பின்னாலேயே கேமராக்கள். ஆர்டிஈ தொலைக்காட்சிச் செய்தியாளர் டாமி கார்மன் பேட்டியிலேயே அவரைத் திரும்பிப் போகச் சொல்லிக் கெஞ்சினார்.

என் கருத்து கேட்டால், புகார் அத்தனையும் நியாயம். பிற்பாடு சங்கமே வெளியாளை வைத்து எடுத்த ஜெனிசிஸ் அறிக்கையும் ஏற்பாடுகளில் குறை இருந்ததைச் சொன்னது. ஆனால் கல்யாண வீட்டில் சாம்பார் சரியில்லை என்று சொல்வது வேறு, பந்தியில் எழுந்து நின்று மாப்பிள்ளையின் அப்பாவை வம்சத்தோடு திட்டுவது வேறு. அதைச் செய்த பிறகு யாராலும் அவரை வைத்துக்கொள்ள முடியாது. கூட்டத்தைக் கூட்டி எல்லார் முன்னாலும் கேட்ட மெக்கார்த்தியின் புத்தியும் எனக்குப் பிடிபடவில்லை. அறையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இந்தத் திரியே இருந்திருக்காது.


சிவப்புச்சட்டை எழுதியது:

அண்ணே, எல்லாம் சரி, ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். 1999 ஏப்ரல், டுரின். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. யுவென்டஸ் பதினொரு நிமிடத்துக்குள் 2-0. கீன் தலையால் முட்டி ஒரு கோல். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் அட்டை, இறுதிப் போட்டியில் ஆட முடியாது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மனுஷன் பேய் பிடித்த மாதிரி ஆடினார். 3-2. தனக்கு இல்லாத இறுதிப் போட்டிக்கு மற்றவர்களைக் கொண்டுபோய் விட்டார். "தன்னை மட்டும் நினைக்கிறவர்" என்று சொல்லும் ஆட்களிடம் அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

எர்லிங் ஹாலண்டின் அப்பா கால் விஷயத்தை யாராவது இழுப்பீர்கள் என்று தெரியும். 2001-இல் அடித்தது அசிங்கமான டேக்கிள்தான். அதைப் புத்தகத்தில் வேறு எழுதி, ஐந்து ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் வாங்கினார். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சைப்பான் வேறு. அங்கே தப்பு சங்கத்தின் மேல்தான்.

லீக்கரை, நீங்கள் கார்க்கில் இருக்கிறீர்கள். உள்ளூர்க்காரர் பக்கமே நில்லுங்கள், மதியச் சாப்பாடாவது நிம்மதியாக இறங்கும்.


பள்ளிப்பயிற்சியாளர் எழுதியது:

நான் ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறவன். எங்கள் மைதானத்தோடு பார்த்தால் சைப்பான் சொர்க்கம், அதை விடுங்கள்.

கோல்கீப்பர்கள் விஷயத்தை டப்ளின்வாசி ஒரு வரியில் தாண்டிவிட்டார். எனக்கு அதுதான் முக்கியம். கோல்கீப்பர்கள் தனியாகக் கடுமையாகப் பயிற்சி எடுத்து முடித்திருந்தார்கள், அதனால்தான் கடைசி ஆட்டத்தில் இறங்கவில்லை என்று அவர்கள் தரப்பு. ஒரு வெயில் நாளில் விழுந்து எழுந்து களைத்த கீப்பரை "நீ உழைக்கவில்லை" என்று மற்றவர்கள் முன்னால் சொன்னால் அவன் அதை மறக்கவே மாட்டான். எங்கள் பையன்களிடமே பார்த்திருக்கிறேன். கீன் போன பிறகு பத்திரிகையாளர் சந்திப்பில் மெக்கார்த்தியோடு உட்கார்ந்தது யார்? ஸ்டான்டன், நியால் குவின், ஆலன் கெல்லி. அந்தக் கெல்லி ஒரு கோல்கீப்பர். மைதானம் கட்டாந்தரை என்பதில் வீரர்களுக்கும் மாற்றுக் கருத்து இருந்திருக்காது. ஆனால் அவரைத் திரும்ப அழையுங்கள் என்று அவர்கள் கொடி பிடிக்கவில்லையே. அவர் இல்லாமல் இருப்பதே நல்லது என்று வீரர்கள் பெயரில் அறிக்கையே வந்தது.

அப்புறம், அந்த அணி என்ன சொதப்பிவிட்டதா? கேமரூனோடு 1-1, கீன் இல்லாத நடுக்களத்தில் ஆடிய மாட் ஹாலண்டே கோல் அடித்தார். ஜெர்மனியோடு 92-ஆவது நிமிடத்தில் ராபி கீன் (இவர் வேறு கீன்) சமன் செய்தார். இறுதிப் போட்டி வரை ஜெர்மனி வாங்கிய ஒரே கோல் அது. சவூதியை 3-0. இரண்டாவது சுற்றில் ஸ்பெயினிடம் பெனால்டியில்தான் போனார்கள்.


டப்ளின்வாசி எழுதியது:

நீங்கள் சொன்ன ஸ்பெயின் ஆட்டத்தில்தான் இந்த ஊர்க்காரர்களின் ஆறாத புண் இருக்கிறது, சார். கூடுதல் நேரத்தில் ஸ்பெயினுக்கு ஒருவர் காயம், மாற்று ஆட்கள் எல்லாம் தீர்ந்துவிட்டார்கள், பத்துப் பேரோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அயர்லாந்துக்கு அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை. பந்தை வாங்கி, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கத்திச் சொல்ல நடுக்களத்தில் ஒரு ஆள் இல்லை. நான் மாலை ஆறு, ஏழு மணிக்கு ஹாஸ்டல் டிவி முன்னால் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கீன் இருந்திருந்தால் காலிறுதி என்று ஒரு கட்சி. இருந்திருந்தால் அந்த ஒற்றுமையே வந்திருக்காது, முதல் சுற்றிலேயே ஊர் திரும்பியிருப்பார்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டையும் நிரூபிக்க முடியாது, அதனால்தான் இத்தனை வருடமாக ஓடுகிறது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். நடந்தது பொருளாதாரம் துள்ளிக்கொண்டிருந்த காலம். "நாம் சின்ன நாடு, வந்ததே பெரிசு, பாட்டுப் பாடிவிட்டுப் போவோம்" என்ற பழைய மனசும், "இனி ஜெயிக்கத்தான் போக வேண்டும்" என்ற புது மனசும் உரசிக்கொண்ட நேரம். கீன் பக்கம் நின்றவர்களில் நிறைய பேர் அன்றைக்கு இளைஞர்கள் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. கணக்கெடுப்பு எதுவும் இல்லை, பப்பில் காது கொடுத்துக் கேட்டதுதான். மெக்கார்த்தி இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் பிறந்தவர் என்பதையும் சிலர் முணுமுணுப்பார்கள். அது எனக்குப் பிடிக்காத வாதம். அவர் இந்த நாட்டுக்குக் கேப்டனாக 1990 உலகக் கோப்பையில் ஆடியவர்.


லீக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. படித்துவிட்டு இன்று உள்ளூர்க்காரரிடம் ஸ்பெயின் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன். ஒரு மணி நேரம் போனது, அவர் சான்ட்விச்சைத் தொடவே இல்லை. கீன் அதற்குப் பிறகு அயர்லாந்துக்கு ஆடவே இல்லையா? மற்ற வீரர்களோடு சமாதானம் ஆனதா?


டப்ளின்வாசி எழுதியது:

ஆடினார். மெக்கார்த்தி 2002 நவம்பரில் விலகினார். பிரையன் கெர் பயிற்சியாளராக வந்த பிறகு 2004-இல் திரும்பி வந்தார். மொத்தம் 67 ஆட்டங்கள், 9 கோல்கள். யுனைடெட்டிலிருந்து 2005 நவம்பரில் போனதும் கிட்டத்தட்ட இதே பாணிதான், சக வீரர்களைப் பற்றிக் கிளப் தொலைக்காட்சியில் பேசியது பெரிய விவகாரமாகி ஃபெர்குசனோடு முறிந்தது. ஃபெர்குசனோடே முறிகிறவர் மெக்கார்த்தியோடு முறியாமல் என்ன செய்வார் என்று கீன் எதிர்ப்புக் கட்சி உடனே கேட்கும், நீங்கள் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சமாதானம் பற்றிக் கேட்டீர்களே. மெக்கார்த்தி பக்கத்தில் உட்கார்ந்த அந்த நியால் குவின் 2006-இல் சண்டர்லேண்ட் கிளப்பின் தலைவரானார். மேனேஜராக யாரைக் கூட்டி வந்தார் தெரியுமா? ராய் கீனை. முதல் சீசனிலேயே கீன் அந்த அணியைச் சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் நிலை லீகின் பட்டத்தோடு பிரீமியர் லீகுக்கு ஏற்றிவிட்டார். 2013-இலிருந்து ஐந்து வருடம் அயர்லாந்து அணியின் பயிற்சியாளர் மார்ட்டின் ஓநீலுக்கு உதவியாளராக, அதே கால்பந்து சங்கத்திடம் சம்பளமும் வாங்கினார்.

இதை உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வருவார். உள்ளூர்க்காரரிடம் குவின் பெயரை மட்டும் டீ நேரத்தில் எடுக்க வேண்டாம்.