அதே சொல், வேறு வாய்

முதல் பகிர்வு

ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றினேன். வாராந்தரக் கூட்டம் ஒன்றில், இயந்திரங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் வேலையை இரவுப் பணி நேரத்துக்கு மாற்றலாம் என்று உற்பத்திப் பிரிவினர் எழுதிக் கொடுத்தார்கள். அதைப் படித்து முடிப்பதற்கு முன்பே எங்களில் ஒருவர், “நம் தூக்கத்தைப் பறித்துத் தங்கள் கணக்கைக் கூட்டிக்கொள்ளப் பார்க்கிறார்கள்” என்றார். நான் உட்பட எவரும் மறுத்துப் பேசவில்லை. அன்று மாலை பழைய கோப்புகளைப் புரட்டியபோது, ஓராண்டுக்கு முன் ஏறக்குறைய இதே யோசனையை நாங்களே, என் கையெழுத்துடனேயே, மேலாளருக்கு அனுப்பியிருந்ததைக் கண்டு திகைத்துப்போனேன்.

மறுநாள் கோப்பைச் சக ஊழியர்களிடம் காட்டினேன். “அப்போது நம் நோக்கம் வேறு” என்றார்கள். அந்தப் பதில்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. நம் நோக்கம் நமக்கு உள்ளிருந்து தெரிகிறது. மற்றவர் நோக்கத்தையோ நாமே கற்பித்துக்கொண்டு, பிறகு அதைச் சான்றாகவும் எடுத்துக்கொள்கிறோம். எதிர்த்தரப்பிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு யோசனை மதிப்பிழப்பதை உளவியலாளர் லீ ராஸ் ஆராய்ந்து காட்டியிருக்கிறார் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

இரண்டாம் பகிர்வு

மேலே எழுதியவர் யோசனையைப் பற்றிச் சொன்னார். கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்கூட அப்படித்தான் தரப்புக்கேற்ப மாறுகிறது என்பது என் அனுபவம். இரு சங்கங்களுக்கு இடையே நடந்த பேச்சுவார்த்தையில் நான் குறிப்பெடுப்பவனாக இருந்தேன். மற்றவர்கள்தாம் ஓயாமல் குறுக்கிட்டார்கள் என்று இரு தரப்பும் முறையிட்டதால், ஒலிப்பதிவை எல்லோர் முன்னிலையிலும் ஓடவிட்டோம். கேட்டு முடித்த பிறகு, முன்பைவிட உறுதியோடு இரு தரப்பும் அதையே சொன்னார்கள்.

அமெரிக்காவில் 1951இல் டார்ட்மத் கல்லூரி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணிகள் மோதிய அமெரிக்கக் கால்பந்தாட்டம் பெரும் சர்ச்சையானது. அதன் படச்சுருளை இரு தரப்பு மாணவர்களுக்கும் காட்டி, ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் 1954இல் முடிவுகளை வெளியிட்டார்கள். டார்ட்மத் அணி செய்த விதிமீறல்களாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியவை, டார்ட்மத் மாணவர்கள் எண்ணியவற்றைப் போல இரு மடங்குக்கும் அதிகம். அவர்கள் பொய் சொன்னதாக நான் கருதவில்லை; எங்கள் பேச்சுவார்த்தையிலும் ஒருவரும் பொய் சொல்லவில்லை.

மூன்றாம் பகிர்வு

நான் இரு பக்கமும் நின்றவள். பெற்றோர் சங்கத்தில் இருந்தபோது, சிறு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் மிகுதி என்று ஒரு பள்ளியில் எடுத்துச் சொன்னேன். ஆசிரியர்கள் முகம் இறுகியது. கற்பித்தலின் சிரமம் வெளியிலிருப்பவர்களுக்குப் புரியாது என்றார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து, ஏறக்குறைய அதே சொற்களில் அதையே சொன்னேன். இம்முறை ஒரு குழு அமைத்தார்கள். தங்களைப் பற்றிய ஒரு குறையைத் தம்மவர் ஒருவர் சொன்னால் பொறுத்துக்கொள்ளும் ஆஸ்திரேலியர்கள், அதையே அயலவர் சொல்லும்போது கொதிப்பதை மேத்யூ ஹார்ன்சியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் பதிவு செய்திருக்கிறார்கள். சொல்பவர் நம் நலனை விரும்புகிறாரா என்ற ஐயமே அங்கு பெரிதாக நின்றது.

சென்ற மாதம் ஒரு தாய் தேர்வு முறையைக் குறைகூறிக் கடிதம் தந்தார். முதல் வரியைத் தாண்டுவதற்குள், இவருக்கு வகுப்பறையைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணம் எனக்குள் எழுந்துவிட்டது. கடிதத்தை மடித்து வைத்தேன். மறுநாள் காலை, எழுதியவர் பெயர் இருந்த பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு மீண்டும் படித்தேன். அதிலிருந்த நான்கு குறைகளில் மூன்றை நானே ஆசிரியர் அறையில் பேசியிருக்கிறேன். நான்காவது எனக்கு இதுவரை தோன்றாதது. அதைப் பற்றிக் கேட்க அவரை அழைத்திருக்கிறேன்.