அம்மா ஐரோப்பாவுக்குத் திருப்பயணம் போகிறார்கள்: போனில் நெட்டுக்குக் குறைந்த செலவில் என்ன வழி?

மார்த்தாண்டம்_மகள்:

எங்கள் ஆலயப் பங்கிலிருந்து ஒரு குழு செப்டம்பர் கடைசியில் திருப்பயணம் புறப்படுகிறது. அம்மாவும் பெரியம்மாவும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் ஏறி, துபாயில் விமானம் மாறி, லிஸ்பனில் இறங்குகிறார்கள். முதலில் பாத்திமா, அடுத்து லூர்து, நடுவில் இரண்டு நாள் சுவிட்சர்லாந்து, அப்புறம் பதுவை, அசிசி, ரோம். ரோமிலிருந்து ஊர் திரும்புகிறார்கள். மொத்தம் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அம்மாவுக்கு நெட் என்றால் வாட்ஸ்அப்தான். ஆனால் அது கட்டாயம் வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஊசி போட்டுக்கொள்கிறார். தினமும் அவர் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசினால்தான் அம்மாவால் அங்கே நிம்மதியாகச் செபம் சொல்ல முடியும். பாட்டி வேறு, லூர்து கெபியை (மாதா காட்சி தந்த குகையை) நேராகப் பார்க்க வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ரீசார்ஜ் கடையில் பத்து நாள் ரோமிங் பேக் ஆளுக்கு மூவாயிரம் ரூபாய் பக்கம் ஆகும் என்றார்கள். பத்து நாளில் பயணம் முடியாது, மேலே ஒரு பேக் போட வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்தால் எங்களுக்கு அது பெரிய தொகை. இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றுகிற சிம்) மலிவு என்று சிலர் சொல்கிறார்கள். அம்மாவுடையது சாதாரண ஆண்ட்ராய்டு போன், ஒரு சிம், பக்கத்தில் மெமரி கார்டு. பெரியம்மாவுடையது அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொடுத்துவிட்ட ஐபோன் 11. கார்டில் பணம் எடுத்தால் ஓடிபி அம்மாவின் ஊர் நம்பருக்குத்தான் வரும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லித் தாருங்கள்.

குளச்சல்_கப்பல்காரன்:

தங்கச்சி, நெட் வாங்குவதைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் இரண்டு காரியம் மட்டும் சொல்கிறேன்.

துபாயில் விமான நிலைய வைஃபை கிடைக்கும். வாட்ஸ்அப்பில் செய்தியும் வாய்ஸ் நோட்டும் போகும், ஆனால் வாட்ஸ்அப் கால் அந்த நாட்டில் வேலை செய்யாது. இது தெரியாமல் போன் கெட்டுவிட்டது என்று அம்மா பதறிப் போவார்கள். ‘துபாய் வந்தாச்சு’ என்று ஒரு வாய்ஸ் நோட் போட்டால் போதும் என்று இங்கேயே சொல்லி அனுப்பு.

இன்னொன்று, விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் ஏரோப்ளேன் மோட் போட்டுவிட வேண்டும். நடுவானில் சில விமானங்களுக்குள் போன் சிக்னல் காட்டும். நடுக்கடலில் கப்பலிலும் அப்படித்தான். அது செயற்கைக்கோள் வழியாக வரும் தனி நெட்வொர்க், கட்டணமும் தனி. சாதாரண ரோமிங் பேக்கும் இ-சிம்மும் அங்கே பெரும்பாலும் செல்லாது. கப்பலில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

குழித்துறை_டீச்சரம்மா_இல்லை_டெலிபோனம்மா:

மக்ளே, நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் பங்கிலிருந்து வெளிநாடு போகிறவர்களின் போன்களை இப்போதும் நான்தான் பார்த்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டிய அம்மாமார். முதல் தடவை கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு வீட்டோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது. அது எனக்கு முக்கியம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஓடிபி. அம்மாவின் ஊர் சிம் ஸ்லாட்டை விட்டு வெளியே வரவே கூடாது. புறப்படும் முன்பே அந்தக் கம்பெனியில் கேட்டு சர்வதேச ரோமிங் வசதியை இயக்கி வையுங்கள். அங்கே போன பிறகு செய்வது கஷ்டம். அதற்கு ஏதாவது குறைந்த ரீசார்ஜ் வேண்டுமா, வெளிநாட்டில் எஸ்எம்எஸ் வாங்கக் காசு உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ரீசார்ஜ் பயணத்தின் நடுவில் முடிந்துபோகாமல் தேதி பார்த்துப் போடுங்கள். பிறகு அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். எஸ்எம்எஸ் அதன் போக்கில் வரும், நெட் மட்டும் அந்த வழியாகப் போகாது. சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள், அந்த நம்பருக்குச் சாதாரண அழைப்பு வேண்டாம், வாட்ஸ்அப்பில் மட்டும் கூப்பிடுங்கள் என்று. ரோமிங்கில் வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு போகும்.

அடுத்து நெட். எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்க்காமல் யாரும் பேக் வாங்கக் கூடாது. வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி ஆகும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் பேசினால் 100 எம்பி. இரண்டு வாரத்துக்கு 1.4 ஜிபி. பெரியம்மாவுக்கும் அதே அளவு வைத்தால் 3 ஜிபிக்குள் அடங்கிவிடும். 5 ஜிபி இருந்தால் இரண்டு பேருக்கும் தாராளம். அன்லிமிடெட் என்று விற்கிற பேக் உங்களுக்குத் தேவையே இல்லை. அவற்றில் சிலவற்றில் ஹாட்ஸ்பாட்டுக்கு, அதாவது ஒரு போனின் நெட்டை இன்னொரு போனுக்குப் பகிர்வதற்கு, வரம்பும் வைத்திருக்கிறார்கள்.

ஐபோன் 11-ல் இ-சிம் வசதி உண்டு. அதில் இப்போது நம் ஊர் சிம் வேலை செய்கிறது என்றால் ஒரே கம்பெனி சிம்முக்கு என்று பூட்டாத போன்தான், கவலை வேண்டாம். சந்தேகம் இருந்தால் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் போய்ப் பாருங்கள். கேரியர் லாக் என்ற இடத்தில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்று இருக்க வேண்டும். பெரியம்மாவின் ஊர் சிம் தட்டில் இருக்கட்டும், ஐரோப்பா இ-சிம் உள்ளே ஏறட்டும். அம்மாவின் போன் அதிலிருந்து ஹாட்ஸ்பாட் வாங்கிக்கொள்ளும். அக்காவும் தங்கையும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து சீட்தானே. ஐரோப்பா முழுவதற்குமான 5 ஜிபி இ-சிம்கள் பெரும்பாலும் 10 முதல் 20 டாலருக்குள் கிடைக்கின்றன. இரண்டு ரோமிங் பேக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கே வாங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். ஏராலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டு ஆப்களையும் இந்தியாவில் நீக்கச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை 2024 ஜனவரியில் உத்தரவு போட்டது. வெளிநாட்டு சிம்மை இங்கே விற்க அந்தத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி உள்ள விற்பனையாளரா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

இப்போது நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது சுவிட்சர்லாந்து. விசா ஒன்றுதான் என்பதால் சிம்மும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே ஓடும் என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா சுவிட்சர்லாந்துக்கும் செல்லும். ஆனால் அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு சிம்மை இன்னொரு நாட்டில் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற விதி 2017 ஜூன் 15-ல் வந்தது. போர்ச்சுகல் சிம் ஸ்பெயினிலும் பிரான்சிலும் இத்தாலியிலும் அப்படி ஓடும். சுவிட்சர்லாந்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. அங்கே தனிக் கட்டணம் போடலாம், அல்லது நெட் நின்றே போகலாம். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கிற அண்டோராவும் இதே கதைதான். அதனால் இ-சிம் வாங்கும்போது ‘ஐரோப்பா’ என்ற தலைப்பைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். நாடுகளின் பட்டியலைத் திறந்து, சுவிட்சர்லாந்து பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இருக்கிற பேக்குகள் நிறையவே உண்டு.

பட்டியலில் இல்லாத பேக்கை ஏற்கெனவே யாராவது வாங்கியிருந்தால் எல்லையில் என்ன நடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஒரு காலத்தில் களியக்காவிளைச் சந்தையில், தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டிருக்கும்போதே போன் பாறசாலைப் பக்கத்து டவரைப் பிடித்துவிடும். வந்த அழைப்பை எடுத்ததற்குக்கூட ரோமிங் காசு போகும். கேரளாவுக்குள் காலே வைக்கவில்லையே என்று எத்தனை பேர் வந்து கேட்டிருப்பார்கள். டவரின் அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. ஜெனிவாவைச் சுற்றியுள்ள பிரெஞ்சு ஊர்களிலும் இதேதான் நடக்கும். பேருந்து பிரான்சில் ஓடிக்கொண்டிருக்கும், போன் சுவிஸ் டவரில் இருக்கும். அந்த மாதிரி இடத்தில் செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, பிரெஞ்சு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். அது முடியாது என்றால் அந்த வழியைத் தாண்டும்வரை டேட்டாவை அணைத்து வைத்தால் போதும்.

ஐபோனில் இன்னொரு சுவிட்ச் உண்டு. இரண்டு சிம் இருந்தால், ஒன்றில் சிக்னல் குறைந்தபோது மற்றதுக்குத் தானாக டேட்டாவை மாற்றும் வசதி. ‘அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்’ என்று இருக்கும். அதைக் கட்டாயம் அணையுங்கள். இல்லையென்றால் மலைப்பாதையில் இ-சிம் சிக்னல் போனதும் ஊர் சிம் வழியாக நெட் ஓட வழி கிடைத்துவிடும்.

பாட்டி விஷயம். லூர்து மெழுகுவர்த்திப் பவனி இரவு ஒன்பது மணிக்கு. அப்போது நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. பாத்திமாவில் இரவு செபமாலை ஒன்பதரைக்கு, இங்கே விடியற்காலை இரண்டு மணி. பாட்டியை அந்நேரம் எழுப்ப வேண்டாம். காலை பத்து மணிக்குக் கெபி முன்னால் நின்று கூப்பிடச் சொல்லுங்கள். இங்கே மதியம் ஒன்றரை, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். பவனியைச் சின்ன வீடியோவாக எடுத்து ஹோட்டல் வைஃபையில் அனுப்பினால் போதும்.

திருவிதாங்கோடு_காதர்:

டெலிபோனம்மா சொன்ன ஹாட்ஸ்பாட் யோசனை ரொம்ப நல்லது. நாங்கள் குடும்பமாக உம்ரா போனபோது அதுதான் கைகொடுத்தது. சவூதியில் சிம் வாங்கக் கைரேகை வைக்க வேண்டும். என் மாமியார் அண்டிஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்த்தவர். முந்திரித் தோட்டின் பால் பட்டுப் பட்டு விரல் ரேகையே தேய்ந்துபோன கை. ஜித்தா விமான நிலையத்தில் எந்த விரலை வைத்தாலும் மெஷின் எடுக்கவில்லை. நம் ஊரில் ரேஷன் கடையில் அவர் படுகிற அதே பாடு. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நான் என் கைரேகையில் ஒரு சிம் எடுத்து எல்லாருக்கும் பகிர்ந்தேன். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், யார் பெயரில் சிம் எடுப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மக்காவின் ஹரம் பள்ளிவாசல் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் ஹாட்ஸ்பாட் எட்டாது, அது ஒன்றுதான் குறை. அதற்காக ஹோட்டல் பெயர் எழுதிய அட்டையை ஒவ்வொருவர் கழுத்திலும் மாட்டிவிட்டோம்.

மார்த்தாண்டம்_மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டெலிபோனம்மா, இன்று சாயங்காலமே பெரியம்மா வீட்டுக்குப் போய் அந்த ஸ்விட்சைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது, அணைத்துவிட்டேன். இ-சிம்மை எப்போது ஏற்றுவது? அங்கே இறங்கிய பிறகா? ரோமில் அம்மாவும் பெரியம்மாவும் வேறு வேறு அறையில் தங்க வேண்டி வரலாம் என்கிறார்கள். அப்போது அம்மாவுக்கு என்ன செய்வது?

குழித்துறை_டீச்சரம்மா_இல்லை_டெலிபோனம்மா:

வீட்டிலேயே ஏற்று மக்ளே, நல்ல வைஃபையில். ஏற்றுவதற்கே நெட் வேண்டும். லிஸ்பனில் பெட்டிக்காகக் காத்து நிற்கும்போது அதைச் செய்யச் சொன்னால் அவர்கள் திணறிவிடுவார்கள். பெரும்பாலான இ-சிம்களுக்கு அங்கே நெட்வொர்க்கைப் பிடித்த நாளிலிருந்துதான் நாள் கணக்கு. ஆனால் சிலதில் ஏற்றிய உடனே தொடங்கிவிடும், வாங்கும்போது அந்த வரியைப் படி. ஏற்றியபின் அணைத்து வை. லிஸ்பனில் இறங்கியதும் அதை இயக்கி, அந்த இ-சிம்முக்கு மட்டும் டேட்டா ரோமிங்கைத் திறக்க வேண்டும். பலர் ‘ரோமிங்’ என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து அதையும் அணைத்துவிட்டு, நெட் வரவில்லை என்கிறார்கள். எக்காரணம் கொண்டும் இ-சிம்மை டெலிட் செய்யக் கூடாது. இ-சிம்மை ஏற்ற ஸ்கேன் செய்கிற கியூஆர் குறியீடு, ஒரு தடவை பயன்படுத்தினால் பெரும்பாலும் மறுபடி செல்லாது.

அம்மா தனி அறை என்றால் இரவில் ஹோட்டல் வைஃபை போதும். அது போதாது, பகலிலும் தனியாக நெட் வேண்டும் என்றால் மெமரி கார்டைக் கழற்றி அந்த இடத்தில் லிஸ்பனில் ஒரு சிம் வாங்கிப் போடலாம். அந்தத் தட்டில் கார்டும் சிம்மும் சேர்ந்து உட்காராத மாதிரியாக இருந்தால் படங்களை இங்கேயே கணினிக்கு மாற்றிவிடு. புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் நம்பரை மாற்றவா என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று அழுத்தச் சொல். பழைய நம்பரிலேயே அது ஓடும்.

புறப்படும் முந்தின நாள் இரண்டு போனிலும் வாட்ஸ்அப்பின் தானியங்கிப் பதிவிறக்கத்தை அணை. பங்குக் குழுவிலும் குடும்பக் குழுவிலும் வருகிற காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும்தான் ஜிபியைத் தின்னும். போட்டோ பேக்கப், ஆப் அப்டேட் இரண்டையும் வைஃபையில் மட்டும் என்று வை. கூகுள் மேப்பில் லூர்து, அசிசி, ரோம் மூன்றையும் ஆஃப்லைனில் இறக்கிக் கொடு. ஹாட்ஸ்பாட் நாள் முழுக்க ஓடினால் பழைய ஐபோன் மதியமே அணைந்துவிடும். பவர் பேங்க் ஒன்று வேண்டும், அது பெட்டியில் அல்ல, கைப்பையில். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் திருப்பலி முடிந்து நான் வீட்டில்தான் இருப்பேன். சந்தேகம் இருந்தால் போன்களை எடுத்துக்கொண்டு அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டி வா. ஹாட்ஸ்பாட் போடுவதை அவர்கள் கையாலேயே செய்ய வைத்துப் பழக்கிவிடலாம்.